தவளைக் காலில் தொடங்கிய சண்டை, பேட்டரியில் முடிந்தது எப்படி? அலெசாண்ட்ரோ வோல்டாவின் கதை

உங்க போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்க. பொடி எழுத்தில் 5 வோல்ட், 9 வோல்ட் என்று ஏதாவது போட்டிருக்கும். டிவி ரிமோட்டில் போடும் பேட்டரியில் 1.5 வோல்ட். வீட்டு பிளக்கில் 230 வோல்ட். தினமும் நாம் பார்க்கும் இந்த 'வோல்ட்' உண்மையில் ஒரு மனிதரின் பெயர். இத்தாலியின் கோமோ என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்த அலெசாண்ட்ரோ வோல்டா.

பேட்டரியைக் கண்டுபிடித்தவர் வோல்டா என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனா, அவர் அதைக் கண்டுபிடிக்கக் கிளம்பவே இல்லை. இன்னொரு விஞ்ஞானி சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் எட்டு வருஷம் போராடினார். அந்த இன்னொருவர் பெயர் லூயிஜி கால்வானி. அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

பேச்சு வராத பிள்ளை

1745 பிப்ரவரி 18-ல் வோல்டா பிறந்தார். பழைய பிரபுக் குடும்பம். பெயர் பெரிது, கையில் காசு அவ்வளவாக இல்லை. சித்தப்பா, பெரியப்பா, அண்ணன் என்று வீட்டில் பாதிப்பேர் பாதிரியார்கள். நாலு வயது வரை பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை, ஊமையோ என்று வீட்டார் பயந்தார்கள் என்று சொல்வார்கள். ஏழு வயதில் அப்பா இறந்துபோனார். பெரியவர்கள் எடுத்து வளர்த்தார்கள்.

இயேசு சபைப் பள்ளியில் படித்தபோது பையனின் மூளையைப் பார்த்துவிட்டு அவனைத் துறவியாக்கிவிட ஆசிரியர்கள் ஆசைப்பட்டார்கள். வீட்டார் அவனை அந்தப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். வக்கீலாக்கலாம் என்று அவர்கள் நினைக்க, பையனோ மின்சாரத்தின் பின்னால் போனான். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. 18 வயதிலேயே பாரீஸில் இருந்த பிரபல மின்சார ஆய்வாளர் நொல்லேவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் காலத்து 'மின்சாரம்' எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்து வருவது புரியும். கண்ணாடி உருண்டையைச் சுழற்றித் தேய்த்தால் மின்சாரம் சேரும். அதை லேடன் ஜாடி என்ற கண்ணாடி ஜாடிக்குள் பிடித்து வைக்கலாம். தொட்டால் படீர் என்று ஒரு பொறி, ஒரு அதிர்ச்சி. அவ்வளவுதான், தீர்ந்தது. மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். நிற்காமல் ஓடும் கரண்ட் என்ற ஒன்றையே உலகம் அப்போது பார்த்ததில்லை.

வோல்டா இந்தத் துறையில் மெல்ல மெல்லப் பேர் வாங்கினார். 1775-ல் எலக்ட்ரோஃபோரஸ் என்ற கருவியைப் பிரபலப்படுத்தினார். பிசின் பலகையை ஒருமுறை தேய்த்து வைத்தால் போதும், அதன் மேல் ஓர் உலோகத் தட்டை வைத்து, விரலால் தொட்டு, தூக்கித் தூக்கி மின்னூட்டம் எடுத்துக்கொண்டே இருக்கலாம். இதே போன்ற ஒன்றை ஸ்வீடனில் வில்கே என்பவர் சில வருஷம் முன்பே செய்திருந்தார். ஆனால் அதைக் கையாள எளிதாக்கி ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது வோல்டாதான்.

அடுத்த வருஷம் மஜ்ஜோரே ஏரிக்கரையின் சதுப்பில் கம்பை விட்டுக் கலக்கி, மேலே வந்த குமிழிகளைப் பாட்டிலில் பிடித்தார். தீ வைத்தால் நீலமாக எரிந்தது. இன்று மீத்தேன் என்கிறோமே, அந்த வாயுதான். அதைக் காற்றுடன் கலந்து, மின்பொறியால் வெடிக்கவைக்கும் ஒரு கைத்துப்பாக்கியும் செய்தார். கோமோவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மிலான் வரை கம்பி இழுத்து, இங்கே பொறி கொடுத்து அங்கே துப்பாக்கியை வெடிக்கவைத்துச் சேதி சொல்லலாம் என்றும் யோசனை சொன்னார். தந்தி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அந்தக் கம்பி கடைசி வரை இழுக்கப்படவில்லை.

1778-ல் பவியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். பட்டம் இல்லாத பேராசிரியர்! அப்போது அந்தப் பகுதியை ஆண்டது ஆஸ்திரியா.

போலோக்னாவில் ஒரு டாக்டர்

பவியாவுக்குத் தென்கிழக்கே போலோக்னா நகரம். அங்கே இருந்தவர் லூயிஜி கால்வானி. வோல்டாவைவிட எட்டு வயது மூத்தவர். மருத்துவர், உடற்கூறியல் ஆசிரியர், பிரசவ மருத்துவம் கற்றுக்கொடுத்தவர். அமைதியானவர், பக்திமான். மனைவி லூசியாவும் ஓர் உடற்கூறியல் பேராசிரியரின் மகள். கணவரின் ஆய்வுகளில் கூடவே நின்றவர்.

உடம்பு சரியில்லாத மனைவிக்குத் தவளை சூப் வைக்கப்போய்த்தான் கால்வானி மின்சாரத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது கதைதான். நரம்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்று பல வருஷமாகவே அவர் தவளைகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

1781 ஜனவரியில் அது நடந்தது. மேஜையில் அறுத்து வைத்த தவளை. சற்றுத் தள்ளி மின்சாரப் பொறி எழுப்பும் இயந்திரம். உதவிக்கு நின்ற ஒருவர் அறுவைக் கத்தியின் முனையால் தவளையின் கால் நரம்பைத் தொட்டார். அதே நேரம் இயந்திரத்தில் பொறி பறந்தது. செத்த தவளையின் கால் துள்ளியது.

கால்வானி அவசரப்படவில்லை. பத்து வருஷம் மாற்றி மாற்றிச் சோதித்தார். 1786-ல் வீட்டு மாடியில் இரும்புக் கம்பி அழியில் தவளைக் கால்களைக் கொக்கியில் தொங்கவிட்டார், மின்னல் அடித்தால் துள்ளுமா என்று பார்க்க. துள்ளியது. ஆனால் வானம் தெளிவாக இருந்தபோதும் துள்ளியது! தண்டுவடத்தில் மாட்டிய கொக்கியை இரும்பு அழியோடு அழுத்தினாலே போதும், கால் உதறியது. வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் வரவில்லையே, அப்படின்னா அது எங்கிருந்து வந்தது?

தவளைக்குள்ளேயே இருந்து என்றார் கால்வானி. மூளை உண்டாக்கும் மின்சாரம் தசையில் சேர்ந்து நிற்கிறது, உலோகம் வெறும் வழிதான் காட்டுகிறது என்று விளக்கினார். 'விலங்கு மின்சாரம்' என்று பெயர் வைத்து 1791-ல் வெளியிட்டார். கூடவே நின்ற லூசியா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஐரோப்பா முழுக்கப் பரபரப்பு. தவளை கிடைக்கும் ஊரிலெல்லாம் தவளைக்கு ஆபத்து. உயிர் என்பதே மின்சாரமா, பக்கவாதத்துக்கு இதில் மருந்து இருக்குமா என்றெல்லாம் பேச்சு.

நாக்கில் வைத்த நாணயம்

1792-ல் வோல்டாவும் அதே சோதனையைச் செய்து பார்த்தார். முதலில் அசந்துபோய்ப் பாராட்டினார். சில வாரங்களிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். ஒரே உலோகத்தால் தொட்டால் கால் சரியாகத் துள்ளுவதில்லை. இரண்டு வேறு வேறு உலோகம் சேர்ந்தால் நன்றாகத் துள்ளுகிறது. அப்படியானால் மின்சாரம் தவளையில் இருக்கிறதா, உலோகத்தில் இருக்கிறதா?

தவளையை ஒதுக்கிவிட்டுத் தன் நாக்கையே சோதனைக்கூடம் ஆக்கினார். நாக்கின் நுனியில் தகரத் தாள், கொஞ்சம் உள்ளே ஒரு வெள்ளி நாணயம், இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொடவிட்டால் புளிப்புச் சுவை. தவளையும் இல்லை, பொறி எழுப்பும் இயந்திரமும் இல்லை. வேறு வேறு உலோகம் இரண்டு, நடுவில் ஈரம். அவ்வளவே. தவளைக் கால் மின்சாரத்தை உண்டாக்கவில்லை, மிக நுட்பமாக அதைக் காட்டிக்கொடுக்கும் மீட்டர் மட்டுமே என்று முடிவுக்கு வந்தார். துத்தநாகம், ஈயம், இரும்பு, செம்பு, வெள்ளி என்று எந்த உலோகத்தோடு எது சேர்ந்தால் எவ்வளவு வேகம் என்று வரிசைப்படுத்தியும் வைத்தார்.

1794-ல் லண்டன் ராயல் சொசைட்டி வோல்டாவுக்குத் தன் உயரிய காப்லி பதக்கத்தைக் கொடுத்தது. கால்வானியின் கண்டுபிடிப்பை விளக்கியதற்காகத்தான் அந்தப் பதக்கம்.

ஆனால் கால்வானி விடவில்லை. அதே 1794-ல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியது கால்வானி என்பது பலருக்கும் தெரியும். அதில் இருந்த சோதனையில் உலோகமே கிடையாது. தவளையின் தசையையும் அதன் நரம்பையும் நேராகத் தொடவிட்டார். கால் துள்ளியது. 1797-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு காலின் நரம்பை இன்னொரு காலின் நரம்பின் மேல் விழும்படி செய்தார். அப்போதும் துள்ளியது. என் பார்வையில் இந்த மொத்தச் சண்டையிலும் ஆக அழகான சோதனை இதுதான். எதிராளி குற்றம் சொன்ன உலோகத்தையே மேஜையிலிருந்து எடுத்துவிட்டார் அந்த மனிதர்.

இதற்கு வோல்டாவிடம் சரியான பதில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு உலோகம் என்பதை 'இரண்டு வேறுபட்ட பொருள்' என்று கொஞ்சம் விரித்து, ஈரமான தசையும் நரம்பும்கூட அந்தக் கணக்கில் வரும் என்றார். வாய்ப்பேச்சில் இது முடியாது, தவளையே இல்லாமல் மின்சாரத்தைக் கண்முன் காட்டினால்தான் முடியும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்து அவர் செய்தது அதைத்தான்.

இருவரும் தனிப்பட்ட முறையில் ஒருவரையொருவர் இழிவாக எழுதிக்கொண்டதில்லை. இந்த நிகழ்வுக்கே 'கால்வனிசம்' என்று எதிராளியின் பெயரை வைத்தவர் வோல்டாதான்.

நெப்போலியன் வந்தார், இருவர் வாழ்க்கையும் மாறியது

1796-ல் நெப்போலியனின் படை வடக்கு இத்தாலிக்குள் நுழைந்தது. வெற்றிபெற்ற தளபதியைக் கோமோ நகரம் சார்பில் வரவேற்கப் போன குழுவில் வோல்டாவும் இருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நடக்கத் தெரிந்தவர் என்றே தோன்றுகிறது.

கால்வானிக்கு அது முடியவில்லை. நெப்போலியன் உருவாக்கிய புதிய குடியரசுக்கு அரசு ஊழியர்கள் எல்லாரும் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று 1798-ல் உத்தரவு. தன் மதநம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று மறுத்தார். பல்கலைக்கழக வேலை போச்சு, சம்பளம் போச்சு, வீடும் போச்சு. சகோதரர் வீட்டில் போய்த் தங்கினார். இவ்வளவு பெயர்பெற்றவரை இப்படி விடலாமா என்று பிறகு அரசு மனம் மாறியது. அந்த முடிவு நடைமுறைக்கு வரும் முன்பே, 1798 டிசம்பர் 4-ல், 61 வயதில் கால்வானி இறந்துபோனார்.

அடுத்த வருஷம் காற்று மாறியது. ஆஸ்திரியப் படை திரும்பி வந்து பவியா பல்கலைக்கழகத்தையே மூடியது. இப்போது வேலை போனது வோல்டாவுக்கு. 54 வயது, மனைவி தெரேசா, சின்னச் சின்னதாக மூன்று மகன்கள். கோமோவுக்குத் திரும்பினார். உலகத்தின் முதல் பேட்டரி பிறந்தது அந்த வேலையில்லாத மாதங்களில்தான்.

அடுக்கி வைத்த காசுகள்

ஒரு ஜோடி உலோகம் தரும் மின்சாரம் மிகக் கொஞ்சம், ஒரு வோல்ட்டுகூட தேறாது. அதைப் பெருக்குவது எப்படி? யோசனை ஒரு மீனிடமிருந்து வந்தது. தொட்டால் ஷாக் அடிக்கும் திருக்கை மீன் ஒன்று உண்டு, டார்பிடோ என்பார்கள். அதன் உடம்பில் மின்சாரம் தரும் உறுப்பு, மெல்லிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும்.

வோல்டாவும் அதே போல அடுக்கினார். ஒரு வெள்ளி வில்லை, அதன் மேல் ஒரு துத்தநாக வில்லை, அதன் மேல் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை. மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை. வெள்ளிக்குப் பதில் செம்பும் போடலாம். இப்படி 20 ஜோடி, 40 ஜோடி, 60 ஜோடி. கீழ்த்தட்டில் ஒரு கை, மேல்தட்டில் ஒரு கை வைத்தால் ஷாக்.

ஷாக் அடிப்பது லேடன் ஜாடியும் செய்யும். வித்தியாசம் என்னவென்றால், இது ஒருமுறை அடித்துவிட்டு ஓயவில்லை. தொடத் தொட அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் தேய்க்கவில்லை, யாரும் சுழற்றவில்லை. மனிதன் உண்டாக்கிய, நிற்காமல் ஓடும் முதல் கரண்ட் அது.

சோதனைக்கு மறுபடியும் தன் உடம்பையே கொடுத்தார். இரண்டு காதிலும் உலோகக் கம்பியைச் சொருகி அடுக்கோடு இணைத்துப் பார்த்தார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி, பிறகு ஏதோ கெட்டியாகக் கொதிப்பது போல ஒரு சத்தம். ஆபத்து என்று உணர்ந்து, அதை மறுபடி அதிகம் செய்யவில்லை. (நீங்களும் செய்யாதீங்க.)

அடுக்கில் ஒரு கோளாறும் இருந்தது. மேலே ஏற ஏற, பாரத்தில் கீழ் அட்டைகளின் ஈரம் பிழிந்து வெளியே வழிந்துவிடும். அதற்கும் வழி கண்டார். உப்புத் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு உலோகத்தையும் முக்கிக் கம்பியால் இணைத்தார். இன்று கார், பைக்கில் இருக்கும் பேட்டரிக்குள் அறை அறையாக இருக்கிறதே, அந்த அமைப்பின் முன்னோடி இதுதான்.

இதற்கு அவர் வைத்த ஒரு பெயரைக் கவனியுங்கள்: 'செயற்கை மின் உறுப்பு'. மீனின் உறுப்பை உலோகத்தாலேயே செய்துவிட்டேன், ஆகவே உயிருக்கென்று தனி மின்சாரம் எதுவும் இல்லை என்பதுதான் அந்தப் பெயருக்குள் இருந்த வாதம். அதைக் கேட்கக் கால்வானி இல்லை. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

லண்டனுக்குப் போன கடிதம்

1800 மார்ச் 20-ல் கோமோவிலிருந்து ராயல் சொசைட்டி தலைவர் ஜோசஃப் பேங்க்ஸுக்கு வோல்டா ஒரு நீண்ட கடிதம் எழுதினார், பிரெஞ்சு மொழியில். போர்க்காலம் என்பதால் கடிதம் இரண்டு பகுதியாகப் போனது. முதல் பகுதி கைக்கு வந்ததுமே பேங்க்ஸ் அதை நண்பர்களிடம் காட்டிவிட்டார். அதைப் பார்த்த அறுவை மருத்துவர் ஆண்டனி கார்லைலும், அறிவியல் இதழ் நடத்திய வில்லியம் நிக்கல்சனும் வெள்ளி நாணயங்களை அடுக்கித் தாங்களே ஒரு பேட்டரி செய்தார்கள். மே 2-ம் தேதி அதன் கம்பிகளைத் தண்ணீரில் விட்டபோது குமிழிகள் கிளம்பின. தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்தது.

வோல்டாவின் கடிதம் ராயல் சொசைட்டி கூட்டத்தில் முறைப்படி வாசிக்கப்பட்டது ஜூன் 26-ல்தான். அதாவது கண்டுபிடிப்பு அறிவிக்கப்படும் முன்பே, அதை வைத்து இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு நடந்து முடிந்துவிட்டது. 1807-ல் ஹம்ஃப்ரி டேவி பெரிய பேட்டரியை வைத்துப் பொட்டாசியம், சோடியம் என்ற இரு புதிய தனிமங்களைப் பிரித்தெடுத்தார். 1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், கரண்ட் ஓடும் கம்பி பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். மோட்டார், ஜெனரேட்டர், தந்தி எல்லாம் அதன் பிறகு வந்தவை.

இதற்கிடையே இத்தாலி மறுபடி நெப்போலியன் கைக்கு வந்தது. பவியா பல்கலைக்கழகம் திறந்தது, வோல்டாவுக்கு வேலையும் திரும்பியது. 1801 நவம்பரில் பாரீஸில் நெப்போலியன் முன்னிலையிலேயே பேட்டரியை விளக்கிக் காட்டினார். தங்கப் பதக்கம், பென்ஷன், பிறகு செனட்டர் பதவி, 1810-ல் பிரபுப் பட்டம். ஓய்வு கேட்டபோதும் நெப்போலியன் விடவில்லை; வருஷத்துக்கு ஒரு வகுப்பு எடுத்தாலும் போதும், பெயர் பட்டியலில் இருக்கட்டும் என்றார். 1815-ல் நெப்போலியன் வீழ்ந்து ஆஸ்திரியா திரும்ப வந்தது. அவர்களும் வோல்டாவுக்குப் பதுவா பல்கலைக்கழகத்தில் பதவி கொடுத்தார்கள்! சத்தியம் செய்ய மறுத்த கால்வானியின் கடைசி மாதங்களை நினைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படித்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சரி, யார் சொன்னது சரி?

உலகம் அப்போது வோல்டா ஜெயித்ததாக முடிவு செய்தது. கால்வானியின் சகோதரி மகன் ஜியோவான்னி அல்தினி மட்டும் மாமாவுக்காக ஊர் ஊராகப் போய் வாதாடினார். 1803-ல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் கரண்ட் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்தது. அதற்கு அவர் பயன்படுத்தியது வோல்டாவின் பேட்டரி. 1818-ல் மேரி ஷெல்லி எழுதிய ஃபிராங்கன்ஸ்டைன் நாவலுக்குப் பின்னால் இந்தக் காலத்துப் பேச்சுகள் இருக்கின்றன.

ஆனா, காட்சி வேறு, ஆதாரம் வேறு. 1840-களில் நுட்பமான மீட்டர்கள் வந்த பிறகுதான் தசைக்கும் நரம்புக்கும் சொந்தமாக மின்சாரம் உண்டு என்பது அளந்து நிரூபிக்கப்பட்டது. கால்வானியின் உலோகம் இல்லாத சோதனை உண்மையைத்தான் காட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுக்கிறார்களே, அது இதயத் தசையின் மின்சாரத்தை வரைந்து காட்டுவதுதான். அந்த முறையை உருவாக்கிய ஐந்தோவனுக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கம்பி அழியில் தொங்கிய தவளை விஷயத்தில் வோல்டா சொன்னது சரி. அங்கே கால் துள்ளியதற்குக் காரணம் இரண்டு உலோகங்கள்தான். ஆனால் தன் சொந்தப் பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்பதில் அவருக்கே தப்பு நேர்ந்தது. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டாலே மின்சாரம் பிறக்கும், அது ஓயாமல் ஓடும் என்று நம்பினார். உப்புத் தண்ணீர் வெறும் இணைப்பு என்று நினைத்தார். துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டுக் கரைவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் ஓடுவதே அந்த வேதிவினையால்தான், உலோகம் தீர்ந்தால் பேட்டரியும் தீர்ந்தது என்பதை மைக்கேல் ஃபாரடே போன்றவர்கள் பிறகு காட்டினார்கள். அந்த ஃபாரடே 22 வயது இளைஞராக 1814-ல் மிலானில் வயதான வோல்டாவைச் சந்தித்திருக்கிறார்.

பேட்டரிக்குப் பிறகு வோல்டா பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1819-ல் ஓய்வு பெற்று கோமோ அருகே கம்நாகோ கிராமத்து வீட்டில் குடியேறினார். 1827 மார்ச் 5-ல் இறந்தார், வயது 82. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் பாரீஸில் இறந்ததும் அதே நாளில்தான்.

பெயர் மட்டும் இருவருக்கும் நின்றது. 1881-ல் பாரீஸில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு 'வோல்ட்' என்ற அலகை ஏற்றுக்கொண்டது. கால்வானியின் பெயர் நம் பள்ளி லேபில் கால்வனோமீட்டராக இருக்கிறது; துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டையும் பைப்பையும் கால்வனைஸ்டு என்கிறோமே, அதுவும் அவர் பெயர்தான்.

பேட்டரி பிறந்து 100 வருஷம் ஆனதைக் கொண்டாட 1899-ல் கோமோவில் பெரிய கண்காட்சி வைத்தார்கள். வோல்டாவின் கருவிகள், கையால் எழுதிய தாள்கள் என்று பாதுகாத்து வைத்திருந்ததையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஜூலை 8-ம் தேதி கண்காட்சியில் தீப்பிடித்தது. மின்கசிவு என்றார்கள். வோல்டா தொட்ட கருவிகளில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. இன்று கோமோ ஏரிக்கரையில் அவருக்காகக் கட்டியிருக்கும் நினைவு மண்டபத்துக்குப் போனால், தீயில் தப்பிய சிலவற்றோடு, எரிந்தவற்றைப் போலவே மறுபடி செய்து வைத்த கருவிகளையும் பார்க்கலாம்.